அயலாரும் அயலவரும்: வேற்றுலகப் படையெடுப்பு நாவலும் உயிர்தப்புதலின் கருத்துநிலையும்

1

‘அயல்’ என்னும் சொல் தமிழில் இருவேறு பொருள் தருவது. ஒருபுறம் அது அண்மையைச் சுட்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ‘அயலட்டை’ என்றால் வேலிக்கு அப்பால் இருப்போர், நன்மை தின்மைக்கு முதலில் வந்து நிற்போர் என்று பொருள்படும். மறுபுறம் அதே சொல் தமக்குரியரல்லாதாரை, பிறரை, அந்நியரைச் சுட்டும். 2024 இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படமொன்று வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த உயிரொன்றைப் பற்றிக் கூறுகையில் ‘அயலான்’ என்று பெயர் பெற்றமை இப்பொருளிலேயாம். அண்மையிலுள்ளவரையும் அந்நியரையும் ஒரே வேர்ச்சொல்லாற் குறிக்கும் மொழியைப் பேசும் ஒரு சமூகம், வேற்றுலகத்தார் பூமியின் மேற் படையெடுக்கும் கதையை எவ்வாறு வாசிக்கும் என்பதே இக்கட்டுரையின் வினா.

அமெரிக்க எழுத்தாளர் றிக் யான்சி 2013 இல் வெளியிட்ட ‘ஐந்தாவது அலை’ என்ற நாவல் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது ‘இளையோர் நாவல்’ எனப்படும் வகையைச் சார்ந்தது. 2014 இலும் 2016 இலும் இரு தொடர்ச்சி நூல்கள் வந்தன. 2016 இல் முதல் நூல் திரைப்படமும் ஆயிற்று. இத்தகைய நூல்களை வணிக எழுத்து என்று ஒதுக்கிவிடுவது எமது விமரிசன மரபில் எளிதான காரியம். ஆயின் பேராசிரியர் க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) என்னும் நூலில் நாவலைச் சமூக உருவாக்கத்தோடு இணைத்து நோக்கியதும், பேராசிரியர் கா. சிவத்தம்பி ‘நாவலும் வாழ்க்கையும்’ (1978) என்று அவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பேசியதும் எமக்குக் கற்பித்தது வேறு. எவ்வளவு பரவலாக வாசிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு ஓர் எழுத்தின் கருத்துநிலை ஆராயப்படவேண்டும். எமது மாணவர்கள் ஆங்கிலத்தில் விரும்பித் தேடி வாசிப்பவை பெரும்பாலும் இத்தகைய நூல்களே. அவற்றில் அவர்கள் எதைக் காண்கின்றனர் என்று கேளாமல், எதைக் காணவேண்டும் என்று மட்டும் போதிக்கும் விமரிசனம் பயனற்றது.

2

இவ்வகைப் புனைகதையின் தோற்றுவாயை முதலில் நோக்குதல் தகும். எச். ஜி. வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ 1897 இல் சஞ்சிகையொன்றில் தொடராக வந்து 1898 இல் நூலுருப் பெற்றது. செவ்வாய்க் கிரகத்தார் முக்காலி இயந்திரங்களில் ஏறி இலண்டன் நோக்கி வருகின்றனர். உலகின் மிகப் பெரிய பேரரசின் படைபலம் சில நாட்களில் நொறுங்கிப் போகிறது. அப்பேரரசு உச்சநிலையில் இருந்த காலத்தில், அதன் தலைநகரத்து வாசகருக்காக எழுதப்பட்ட கதை இது என்பது மனங்கொள்ளத்தக்கது. முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் தஸ்மேனியப் பழங்குடியினரை ஐரோப்பியக் குடியேறிகள் அழித்தொழித்ததை நினைவூட்டுகிறார். செவ்வாய்க் கிரகத்தாரைக் குறைகூற எமக்கு என்ன தகுதி என்பதே அவருடைய வினா. வேற்றுலகத்தான் என்ற கற்பனை, பிரித்தானியர் தம்மைத் தாமே பிறர் கண்கொண்டு பார்ப்பதற்கு அமைந்த கருவியாயிற்று. டார்கோ சுவின் 1970களில் விஞ்ஞானப் புனைகதையை அறிவுவழிப்பட்ட அந்நியமாக்கலின் இலக்கியம் என வரையறுத்தபோது இத்தகைய ஆற்றலையே கருத்திற் கொண்டார். பிறெக்ற் அரங்கிற் செய்ய முயன்றதற்கும் இதற்கும் உறவுண்டு. பழகிப்போன கொடுமையைப் பழகாத வடிவிற் காட்டி அதனைச் சிந்தனைக்கு உட்படுத்தும் முறை இது.

வெல்ஸின் நாவலில் இன்னொரு பகுதியும் எமது ஆய்வுக்கு முக்கியமானது. கதைசொல்லி இடிபாடுகளிடையே பீரங்கிப் படைவீரன் ஒருவனைச் சந்திக்கிறான். வலியோர் நிலத்தடியிற் புகுந்து புதிய இனமாக வாழவேண்டும், நலிந்தோர் அழியட்டும் என்று அவ்வீரன் பெருந்திட்டம் பேசுகிறான். ஆனால் அவன் தோண்டியிருப்பதோ சிறு குழி. வேலையை நிறுத்திவிட்டுக் குடியிலும் சீட்டாட்டத்திலும் பொழுதைக் கழிக்கிறான். வலியோர் மட்டுமே பிழைக்கட்டும் என்னும் தத்துவத்தை வெல்ஸ் அதன் பிறப்பிலேயே நகைப்புக்குரியதாக்கிவிட்டார். அவருடைய சோசலிச நோக்கின் குறைபாடுகள் பல. எனினும் இக்காட்சியில் அவருடைய வர்க்க உணர்வு தவறவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வகை வேறு திசையிற் சென்றது. 1956 தொடக்கம் 2008 இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளாக், இங்கு வருமுன் 1953 இல் வெளியிட்ட ‘பாலியத்தின் முடிவு’ என்ற நாவலில் வேற்றுலகத்தார் அழிக்க வருவதில்லை, ஆள வருகின்றனர். போரையும் வறுமையையும் ஒழிக்கின்றனர், முகத்தை மட்டும் நெடுங்காலம் காட்டுவதில்லை. நல்லெண்ணம் படைத்த குடியேற்ற நாட்டு ஆளுநர் ஒருவரின் நிர்வாகத்தை அது நினைவூட்டுகிறது. முடிவில் பிள்ளைகள் பெற்றோரால் விளங்கிக்கொள்ள முடியாத வேறோர் உயிராகி அவர்களை விட்டு நீங்குகின்றனர். ஜோன் கிறிஸ்தோபர் 1967, 1968 ஆம் ஆண்டுகளில் சிறுவர்க்கென எழுதிய முக்காலிகள் பற்றிய மூன்று நாவல்களில், பதினான்கு வயதான ஒவ்வொருவர் தலையிலும் உலோகத் தொப்பி பொருத்தப்பட்டுச் சிந்தனை அடிமைப்படுத்தப்படுகிறது. மூன்று சிறுவர்கள் தப்பி மலைகளை நோக்கி நடக்கின்றனர். அங்கு எதிர்ப்பு இயக்கமொன்று இருக்கிறது. இறுதியில் எதிரி வீழ்ந்த பின்னர் விடுதலை பெற்ற மக்கள் தேசங்களாகப் பிரிந்து மீண்டும் பிணங்குகின்றனர். எளிய நடையில் எழுதப்பட்ட அந்நூல்கள் சிறுவர்க்கு இரண்டு உண்மைகளைக் கூறின: அடிமைத்தனம் தலைக்குள்ளேயும் நிகழும், விடுதலை கூட்டு முயற்சியாலேயே கிட்டும், கிட்டிய பின்னரும் காக்கப்படவேண்டும்.

3

யான்சியின் நாவல் இம்மரபின் அண்மைக்கால வடிவமாகும். வானில் ஒரு பெருங்கலம் தோன்றுகிறது. பேச்சுவார்த்தையோ எச்சரிக்கையோ இல்லை. முதல் அலையில் மின்சாரமும் அதனால் இயங்கிய யாவும் செயலிழக்கின்றன. இரண்டாம் அலையில் கடல் பொங்கிக் கரையோர மக்களை அழிக்கிறது. மூன்றாம் அலையில் பறவைகள் வழியாகக் கொள்ளைநோய் பரவி எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோரைக் கொல்கிறது. நான்காம் அலையில் மனித உருவத்திலேயே கொலைஞர் நடமாடுகின்றனர். அதன்பின் எவரைப் பார்த்தாலும் இவர் மனிதரா என்ற ஐயம் எழுகிறது.

கதாநாயகி காஸி சலிவன் பதினாறு வயதுப் பெண். தாயை நோயிலும் தந்தையைப் படையினர் கையிலும் இழந்தவள். ஐந்து வயதுத் தம்பி சமியைப் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்றில் ஏற்றிச் செல்கின்றனர். அவனுடைய கரடிப் பொம்மையைத் திருப்பித் தருவதாக அவள் வாக்களிக்கிறாள். நாவலின் தொடக்கத்திலேயே அவள் ஒரு கொலை செய்கிறாள். கைவிடப்பட்ட கடையொன்றில் காயமுற்றுக் கிடந்த படைவீரன் ஒருவனின் கையில் மின்னிய பொருளை ஆயுதமென்று எண்ணிச் சுடுகிறாள். அது சிலுவையென்று பின்னரே தெரிகிறது. நாவலின் முழு அறப் பிரச்சினையும் இந்த ஒரு காட்சியில் அடங்கியுள்ளது எனலாம்.

மற்றொரு கதைக்கோடு பென் பரிஷ் என்ற இளைஞனுடையது. கொள்ளையர் தாக்கியபோது சிறு தங்கையை விட்டு ஓடியவன் அவன். அக்குற்றவுணர்வே அவனைப் போர்வீரனாக்கும் மூலப்பொருளாகிறது. படைத்தளபதி வோஷ் என்பவனின் முகாமில் பிள்ளைகள் படையணிகளாக்கப்படுகின்றனர். அவர்களுடைய பெயர்கள் மாற்றப்படுகின்றன. பென் ‘சோம்பி’ ஆகிறான். சமிக்கும் புதுப்பெயர் இடப்படுகிறது. ஏழு வயதுச் சிறுமியும் துப்பாக்கி ஏந்துகிறாள். அவர்களுடைய கண்ணில் அணிவிக்கப்படும் கருவியொன்று சில மனிதரைப் பச்சை ஒளியோடு காட்டும். பச்சையாகத் தெரிபவர் வேற்றுலகத்தார், சுடலாம் என்பது கட்டளை. உண்மையில் பச்சையாகத் தெரிபவர்கள் உயிர்தப்பிய சாதாரண மனிதரே. முகாமை நடத்துவோரே படையெடுப்பாளரின் ஆட்கள். ஐந்தாவது அலை என்பது அப்பிள்ளைகளே என்பதை வாசகன் அறியும் இடம் நாவலின் மிக வலிமையான இடமாகும். தொடர்ந்து வந்த நூல்களில், மனித உடல்களுக்குள் வேற்றுலகத்தார் உண்மையில் இருந்தனரா என்பதுவே ஐயத்துக்குரியதாகிறது.

4

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவருக்கு இந்நாவலின் கற்பனைகளிற் பல கற்பனைகளாகத் தோன்றுவதில்லை. இக்கட்டுரையாளரின் தலைமுறை ஜாம்போத்தல் விளக்கின் ஒளியில் அரிவரி படித்த தலைமுறை. 1990 இன் பின்னர் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. எரிபொருளும் மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்குள்ளாயின. முதல் அலை எப்படியிருக்கும் என்று எமக்கு எவரும் எழுதிக் காட்டத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 இல் வடமராட்சி கிழக்குக் கரையோரம் இரண்டாம் அலையைக் கண்டது. வானிலிருந்து வரும் மரணத்தையும் அறிவோம்: 1995 யூலையில் நவாலித் தேவாலயத்தின் மீதும், அதே ஆண்டு செப்டெம்பரில் நாகர்கோயில் மகா வித்தியாலயத்தின் மீதும் குண்டுகள் விழுந்தன. பின்னையதில் இறந்தோர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்.

இவ்வொப்புமைகளை அடுக்கிக்கொண்டு போவது எளிது. ஆனால் நிகழ்வுக்கு நிகழ்வு பொருத்திக் காட்டுவது விமரிசனமாகாது. அவ்வாறான இயந்திரப் பாங்கான ஒப்பீடு, எமது துயரத்தை வேறொருவர் முன்கூட்டியே எழுதிவிட்டார் என்ற வியப்போடு முடிந்துவிடும். ஒப்புமை முடியுமிடத்தில் தொடங்கும் வேறுபாடே ஆய்வுக்குரியது. அவ்வேறுபாடு, மக்கள் எவ்வாறு உயிர்தப்பினர் என்பதிலே உள்ளது.

காஸி உயிர்தப்புவதற்குக் கைக்கொள்ளும் விதி ஒன்றே: எவரையும் நம்பாதே. அவள் காட்டில் தனியே உறங்குகிறாள், தனியே உண்கிறாள், தான் பூமியின் கடைசி மனிதராக இருக்கலாம் என்று கருதுகிறாள். அவள் உண்பதோ பெரும்பாலும் கைவிடப்பட்ட கடைகளிலும் வீடுகளிலும் எஞ்சிய பொருட்கள். நாவலில் உற்பத்தி ஏறத்தாழ இல்லை. கோடிக்கணக்கானோர் இறந்த பின் எஞ்சியவர் எதை விதைப்பர், எங்கு நீர் அள்ளுவர், யார் யாருக்குச் சமைப்பர் என்ற வினாக்கள் எழுவதேயில்லை. விரிவாக விவரிக்கப்படும் கூட்டுழைப்பு ஒன்றே ஒன்றுதான்: முகாமில் பிள்ளைகள் பிணங்களைத் தரம்பிரித்து எரியூட்டும் வேலை. நுகர்வுப் பண்டங்களாற் சூழப்பட்ட சமூகம் ஒன்று தன் அழிவைக் கற்பனை செய்யும்போதுகூட, பண்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கற்பனை செய்ய இயலாதிருப்பது கவனத்திற்குரியது. மார்க்ஸ் கூறிய அந்நியமாதலின் தெளிவான சான்று இது. வேற்றுலகத்தார் வந்திறங்குவதற்கு முன்னரே உழைப்பிலிருந்து அந்நியப்பட்டிருந்த மனிதரையே நாவல் காட்டுகிறது. ஆசிரியர் அதை அறிந்து காட்டினார் எனக் கொள்வதற்கில்லை.

தடைக்காலத்து யாழ்ப்பாணத்தின் அனுபவம் இதற்கு நேரெதிரானது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க அயலட்டை முழுவதும் செய்தி அறிந்தது. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழம் உடை வெளுத்தது. தாள் கிட்டாதபோது கோடிட்ட அப்பியாசத் தாளில் நாளேடு அச்சாகியது. சங்கக்கடை வரிசையில் நின்று பெற்ற நிவாரணம் பல வீடுகளின் அடுப்பை எரித்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து மழையிலும் இருளிலும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, முன்பின் அறியாதோர் வீட்டு விறாந்தைகளும் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களுமே அவர்களை ஏற்றன. எவரையும் நம்பாதே என்ற விதியைக் கைக்கொண்டிருந்தால் அவ்விரவைக் கடந்திருக்க முடியாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. எமது கூட்டு வாழ்வை இலட்சியமயப்படுத்துவதும் பொய்யாகும். 1966 இலிருந்து சாதியத்துக்கெதிராகப் போராட்டங்கள் நடந்த மண் இது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவுகள் மூடப்பட்ட மண்ணும் இதுவே. இடம்பெயர்ந்து ஒரே கூரையின் கீழ் ஒதுங்கிய வேளையிலும் கிணற்றடியில் சாதி முற்றாக மறைந்துவிடவில்லை. பகிர்தலும் விலக்கலும் ஒரே சமூகத்தில் அருகருகே இருந்தன. எவ்வாறாயினும், பகிர்ந்தமையாலேயே பெரும்பாலோர் பிழைத்தனர் என்பது வரலாறு.

5

நாவலின் குறைபாட்டைச் சுட்டியாயிற்று. அதன் வலிமையையும் நேர்மையாக மதிப்பிட வேண்டும். அவ்வலிமை எம்மை நோக்கி வினாவெழுப்பும் வலிமை.

பச்சை ஒளி காட்டும் கருவியை எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதரைப் பார்த்து அவர் எதிரியா இல்லையா என்று அறியும் பொறுப்பை அக்கருவி பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது. அதன்பின் அவன் பார்ப்பது முகத்தையன்று, அடையாளத்தை. எமது நாட்டில் இதற்கு இயந்திரம் தேவைப்படவில்லை. சுற்றிவளைப்புகளில் முகமூடியணிந்து வாகனத்துள் இருத்தப்பட்ட ‘தலையாட்டி’ யாரைப் பார்த்துத் தலையசைத்தானோ அவர் வீடு திரும்பவில்லை. இது அரச படையின் கருவி. ஆனால் மறுபுறத்திலும் ஒரு கருவி இருந்தது. அது ‘துரோகி’ என்ற சொல். அச்சொல் ஒருவர் மீது விழுந்த பின் அவர் ஆசிரியரா, தொழிற்சங்கவாதியா, கவிஞரா, மாற்று இயக்கத்துத் தோழரா என்று எவரும் பார்க்கவில்லை. அவரும் பச்சையாகவே தெரிந்தார்.

தனிமனிதருக்கு நேர்ந்தது ஒரு சமூகத்துக்கும் நேர்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அந்த ஆணை ஒக்டோபர் 30 இல் வந்தது. சில மணி நேரமே அவகாசம். தலைமுறை தலைமுறையாகச் சோனகதெருவில் வாழ்ந்தோர், எமது மொழியையே தாய்மொழியாகக் கொண்டோர், ஒரே நாளில் அயலவர் என்ற நிலையிலிருந்து அயலார் ஆக்கப்பட்டனர். சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே ஒக்டோபர் 30 இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் வீடு பூட்டித் திறப்பைக் கையிற் கொண்டு நடந்தனர். இரண்டாவது நாளைப் பற்றி எமது இலக்கியம் எழுதிக் குவித்திருக்கிறது. முதலாவது நாளை நாம் எழுதியது மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானதன்று. தான் இழந்ததை எழுதுவது துயரத்தின் இலக்கியம். தன் பெயரால் இழைக்கப்பட்டதை எழுதுவதற்குச் சுயவிமரிசனம் வேண்டும். வெல்ஸ் தஸ்மேனியாவை முதல் அத்தியாயத்தில் வைத்தமையின் பெருமை இங்கேதான் புலப்படுகிறது. படையெடுப்புக்கு ஆளானோரின் கதையை எழுதப் புகுந்தவர், தம் இனத்தார் படையெடுத்ததை முதலில் எழுதினார்.

ஐந்தாவது அலையின் பொருளும் இதனோடு இணைந்தது. ஒரு சமூகத்தை முற்றாக வெல்ல விரும்புவோன் இறுதியாகக் கைப்பற்றுவது அதன் பிள்ளைகளை. ஈழப் போரில் ஆயுத இயக்கங்கள் சிறுவரைப் படையிற் சேர்த்தன. ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் நிதியம் அவ்வாறான ஆயிரக்கணக்கான சிறுவர்களைப் பதிவு செய்தது. அவர்களுக்கும் புதுப்பெயர் இடப்பட்டது. வோஷ் போன்ற தளபதி பிள்ளையின் இழப்பையும் குற்றவுணர்வையும் கோபத்தையும் கண்டறிந்து அவற்றையே பயிற்சியின் கருவியாக்குவதை யான்சி நுணுக்கமாகக் காட்டுகிறார். பிள்ளைகள் ஏமாற்றப்படுவது அவர்களுடைய அறியாமையால் மட்டுமன்று. அவர்களுடைய நியாயமான துயரத்தாலும் அவர்கள் ஏமாற்றப்படுகின்றனர். ஒடுக்குமுறை உண்மையானது, ஆகவே கோபமும் உண்மையானது. அக்கோபத்தைச் சிறுவர் தோளில் ஏற்றியதற்கு அந்த உண்மை நியாயமாகாது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவு எமது புனைகதையில் சிலரிடமே உண்டு. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அதற்கு முன்னோடி.

பொம்மையைப் பற்றியும் ஒரு சொல். தம்பியின் கரடிப் பொம்மையைக் காஸி நாவல் முழுவதும் சுமந்து செல்வது அமெரிக்க வெகுசன எழுத்தின் உணர்ச்சி உத்தி எனத் தள்ளிவிடலாம். ஆனால் 2025 இல் செம்மணிப் புதைகுழி அகழ்வில் சிறு பிள்ளையொன்றின் எலும்புக்கூட்டோடு நீலநிறப் புத்தகப்பையும் பொம்மையும் வெளிப்பட்டபோது அவ்விமரிசனத்தை அவ்வளவு இலகுவாகச் சொல்ல முடியவில்லை. நாவலில் பொம்மை உரியவனிடம் சேர்கிறது. இங்கு அது மண்ணுக்குள் கிடந்தது. யாருடையது என்ற வினாவுக்கு நீதியின் வழி விடை காணப்படவேண்டும். இலக்கியம் செய்யக்கூடியது அவ்வினா மறக்கப்படாதவாறு காப்பது.

6

அவ்வாறாயின் இந்நாவலை எவ்வாறு மதிப்பிடுவது? அதன் உள்ளடக்கம் எழுப்பும் வினாவுக்கும் உருவம் அளிக்கும் விடைக்கும் இடையே முரண்பாடு உள்ளது. நம்பிக்கையை அழிப்பதே படையெடுப்பாளரின் உண்மையான ஆயுதம் என்று நாவல் கண்டுகொள்கிறது. மின்சாரம், கடல், நோய் ஆகிய மூன்றும் உடல்களை அழித்தன. நான்காவதும் ஐந்தாவதும் மனித உறவை அழித்தன. இது ஆழமான கண்டுபிடிப்பு. ஆனால் அழிந்த உறவை மீட்பதற்கு நாவல் காட்டும் வழி என்ன? காஸியைச் சுட்டு வீழ்த்தியவனும் பின்னர் காத்தவனும் ஒருவனே; அவ்விளைஞன் ஈவான் மீது அவள் கொள்ளும் காதலும், தம்பி மீதுள்ள பாசமுமே வழிகளாகின்றன. குடும்பமும் காதலும் மட்டுமே நம்பிக்கையின் எல்லைகள். அவற்றுக்கு அப்பால் அயல் இல்லை, தோழமை இல்லை, அமைப்பு இல்லை. பென்னின் படையணிப் பிள்ளைகளிடையே தோழமையின் வித்து இருக்கிறது. உண்மையை அறிந்தபின் அவர்கள் தமக்காகவன்றிச் சமியைக் காக்க வேண்டுமென்ற கடப்பாட்டாற் செயற்படுகையில் அது முளைகொள்கிறது. ஆசிரியர் அதனை வளர்த்தெடுக்கவில்லை.

இதற்கு ஆசிரியரின் தனிப்பட்ட குறையை மட்டும் காரணமாகக் கூறல் போதாது. 2001 செப்டெம்பரின் பின்னர் அமெரிக்க அரசு தன் மக்களுக்கு அண்டை வீட்டாரையும் ஐயுறக் கற்பித்தது. 2008 இன் நிதி நெருக்கடி ஒரு தலைமுறையின் எதிர்காலத்தைச் சுருக்கியது. அவ்வாண்டிலேயே வெளிவந்த சுசான் கொலின்ஸின் ‘பசி விளையாட்டுகள்’ பெருவெற்றி பெற்றதைத் தொடர்ந்து, பெரியோர் கைவிட்ட உலகில் பிள்ளைகள் தனியே போரிடும் நாவல்கள் பெருகின. வேலையும் வீடும் தனிமனிதப் போட்டியாகிவிட்ட சமூகத்தில் உயிர்தப்புதலும் தனிமனிதப் போட்டியாகவே கற்பனை செய்யப்படும். வெல்ஸ் நகைத்து ஒதுக்கிய பீரங்கி வீரனின் தத்துவம், நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பதினாறு வயதுச் சிறுமியின் வாயில் வாழ்க்கை விதியாக ஒலிக்கிறது. முதலாளித்துவத்தின் வளர்ச்சிப் போக்கை இந்த ஒரு மாற்றத்திலேயே அவதானிக்கலாம். இருந்தும், சிலுவையைக் கையிலேந்திய வீரனைக் கொன்ற நினைவு காஸியை விட்டு நீங்குவதில்லை. அவ்விதி பொய்யென்று நாவலின் மனச்சாட்சி அறிந்திருக்கிறது. அதுவே இந்நூலை இவ்வகையின் சாதாரண நூல்களிலிருந்து உயர்த்துவது.

7

இறுதியாக எமது இலக்கியம் பற்றி. போரையும் இடப்பெயர்வையும் பற்றி ஈழத்தவர் எழுதிய நாவல்கள் பல. சயந்தனின் ‘ஆதிரை’ (2015) போன்றவை பரந்த தளத்தில் இயங்குவன. ஆனால் அவை வளர்ந்தோருக்கான நாவல்கள். 2009 மே மாதத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று காஸியின் வயதை அடைந்துவிட்டனர். அவர்களுக்கு வீட்டில் கிடைப்பது பெரும்பாலும் மௌனம். மேடையில் கிடைப்பது வீரப்புகழ்ச்சி. பாடநூலில் கிடைப்பது வேறொருவரின் வரலாறு. அந்த இடைவெளியை ஆங்கிலத்தில் வரும் வேற்றுலகப் படையெடுப்பு நாவல்கள் நிரப்புகின்றன. பதுங்குகுழியின் வாசனை அறியாத பிள்ளை, ஓகையோ மாநிலத்துக் காடொன்றில் தன் தாயின் அனுபவத்தைச் சந்திக்கிறது. அது தாயின் அனுபவம் என்று அதற்கு எவரும் சொல்லவில்லை.

இந்நிலைக்குப் பரிகாரம் அந்நூல்களைத் தடுப்பதன்று. தமிழில் இளையோருக்கான நாவல் எழுதப்படவேண்டும். அது நேர்முகமான யதார்த்தவாதத்தில் அமையலாம். விஞ்ஞானப் புனைகதையாகவும் அமையலாம். விஞ்ஞானப் புனைகதையைத் தப்பித்தல் இலக்கியம் என்று கருதிய எமது முற்போக்கு மரபின் தயக்கம் மறுபரிசீலனைக்கு உரியது. நேரடியாகச் சொன்னால் ஒரு தரப்பின் சார்பாகவே வாசிக்கப்படும் உண்மைகள் எமது சமூகத்தில் இன்னும் உண்டு. அவற்றைப் பிள்ளைகள் முன் வைப்பதற்கு வெல்ஸ் கையாண்ட தூரம் பயன்படக்கூடும். அத்தகைய நாவலில் வானத்திலிருந்து எவர் வந்தாலும் வரட்டும். ஆனால் அதில் கிணறு இருக்கவேண்டும். அக்கிணற்றில் யார் அள்ளலாம் என்ற வழக்கும் இருக்கவேண்டும். சைக்கிள் மிதிப்பவர் இருக்கவேண்டும். சோனகதெருவில் பூட்டப்பட்ட வீடொன்று இருக்கவேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அயலவரும் இருக்கவேண்டும்.

படையெடுப்பை எவ்வாறு தப்புவது என்பது இவ்வகை நாவல்கள் யாவும் கேட்கும் வினா. எமது வரலாறு அதனோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறது: தப்பியவர்கள் யாரை விட்டுவிட்டுத் தப்பினர்? பென் பரிஷ் தன் தங்கையின் சங்கிலியை நினைத்து அவ்வினாவை எதிர்கொள்கிறான். எமது பிள்ளைகளும் அதனை எதிர்கொள்ளத் தக்கவர்களே. அவர்கள் கையில் அதற்கான தமிழ் நூலொன்றை வைக்கும் கடமை எமது எழுத்தாளருக்கும் விமரிசகருக்கும் உரியது.